நிச்சயமாக வெளியேற வேண்டுமா?

"நான் தொடவே இல்லைங்கறேன்..."

"நீ தொடாம அது எப்படிக்கா தானா..."

"என்னைப் பேச விடு. ரிமோட் ஸ்டூல் மேல இருந்துது. என் ரெண்டு கையும் மடியில..."

"ஸ்டூல் மேலயா? நான் வந்தப்ப தரையில கிடந்துது."

"டிவி வெளிய போனதுக்கு அப்புறம் நான் தடவித் தேடினப்ப விழுந்தது."

"பார்த்தியா, தடவினேன்னு நீயே சொல்றே!"

"அடியே, முதல்ல அது போச்சு. அப்புறம்தான் தடவினேன். முன்னே எது பின்னே எதுன்னு கூடவா உனக்குத் தெரியாது?"

சின்னவள் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. சலவைக் கடை முகப்பில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள் மேலிருந்து இஸ்திரி ஆவியும் கஞ்சியும் கலந்த வாடை கூடம் முழுவதும் பரவியிருந்தது. பெரியவளுக்குப் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தங்கை என்றால் முதலில் இந்த வாடை, அதன் பிறகுதான் குரல்.

"இந்த வாரத்துல இது மூணாவது தடவைக்கா. தினமும் மூணு மணி ஆனா எனக்குப் போன் பண்றே. 'டிவி வெளிய போயிடுச்சு, சீரியல் நின்னு போச்சு'ன்னு. கவுன்டர்ல ஆள் நிக்கறாங்க, நான் உனக்கு லாக் இன் சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன்."

"உன்னை யாரு சொல்லிக் கொடுக்கச் சொன்னா? ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்கத்தானே சொன்னேன்."

சின்னவள் உட்கார்ந்தாள். சோபாவின் இடது பக்கத்து ஸ்பிரிங் கிரீச்சிட்டது. குரல் தாழ்ந்தது. அது தாழும்போதுதான் பெரியவளுக்குப் பயம்.

"சனிக்கிழமை அந்த முதியோர் இல்லத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. சும்மா உன்னைப் பார்க்கத்தான்."

"பார்க்கட்டும். நானும் அவங்களைப் பார்த்துட்டாப் போச்சு."

"விளையாடாதேக்கா. ஒரு டிவியையே சமாளிக்க முடியலைன்னா, அடுப்பும் கேஸும் இருக்கற வீட்ல உன்னை எந்த தைரியத்துல விட்டுட்டுப் போறது?"

முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் பெரியவள். ஒரே நேரத்தில் இருபது லைன்களைக் காதில் வைத்து, யார் யாரோடு பேச வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தவள். இந்த வீட்டில் வாசலிலிருந்து அடுப்படிக்குப் பதினான்கு அடி, அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு ஒன்பது. இதை விட்டுப் போனால் எண்ண முடியாத ஒரு வராந்தாவில், யாருடைய இருமல் என்று தெரியாத இருமல்களுக்கு நடுவே ஒரு கட்டில் கிடைக்கும். சனிக்கிழமைக்குள் இந்த டிவி சரியாக வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கே சீரியல் வரும் செயலியின் சேவை மையத்துக்குப் போன் போட்டார்கள். எடுப்பதற்குப் பதினொரு நிமிடம் ஒரே இசையை ஓட விட்டார்கள்.

"நாங்க ஒரு நாளும் யாரையும் இப்படிப் பாட்டுப் போட்டு உட்கார வைச்சதில்ல" என்றாள் பெரியவள்.

"ஷ்ஷ், வந்துட்டார்."

சேவைக்காரர் பொறுமையான மனிதர். ஒவ்வொன்றாகக் கேட்டார். வேறு யாருக்காவது பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறீர்களா? இல்லை. கணக்கில் எத்தனை கருவிகள் காட்டுகிறது? ஒன்றுதான், இந்த டிவி. சின்னவளின் போன்கூட இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டீர்களா? போட்டோம். செயலியை அழித்து மறுபடி ஏற்றினீர்களா? ஏற்றினோம்.

"அப்படின்னா எல்லாக் கருவியிலேர்ந்தும் ஒரு தடவை வெளியேத்திட்டு, பாஸ்வேர்டை மாத்திடுங்க மேடம். வெளியாள் யாராவது இருந்தா அதோட கழண்டுக்குவாங்க."

என்ன பாஸ்வேர்டு என்று யோசித்தபோது பெரியவளே சொன்னாள். நிலையத்தில், ஒரு லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர்கள் சுழற்றும் சோதனை எண் ஒன்று உண்டு. தூக்கத்திலும் மறக்காத எண். சின்னவள் ரிமோட்டால் திரையில் ஒவ்வொரு இலக்கமாகத் தேடி அழுத்தினாள். கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் உள்ளதையெல்லாம் படித்துச் சொல்லும் குரலை அவர்கள் எப்போதோ போட்டு வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் சுத்தத் தமிழ் பேசும் ஒரே ஆள் அதுதான் என்று சின்னவள் கேலி செய்வாள். அது ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக, கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னது.

"ஏழு. நான்கு. ஒன்பது. பூஜ்யம். இரண்டு. இரண்டு."

"ஊருக்கே கேக்கும் போலிருக்கு" என்றாள் சின்னவள்.

"கேட்டா என்ன? இங்க நாம ரெண்டு பேர்தானே."

போனை வைக்கும் முன் சேவைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "மேடம், ஒண்ணு சொல்லணும். இது தானா ஆகற லாக் அவுட் மாதிரி தெரியல. ஒவ்வொரு தடவையும் அந்த டிவியிலயே அமைப்புகளுக்குள்ள போயி, கீழ இறங்கி, 'வெளியேறு' அழுத்தி, 'நிச்சயமா'ன்னு கேட்டதுக்கு 'ஆம்'னு கொடுத்திருக்காங்க. ரிமோட்டால."

தங்கையின் பார்வை தன் முகத்தின் மேல் வந்து உட்கார்ந்ததைப் பெரியவளால் உணர முடிந்தது.

புதன்கிழமை பதினொரு மணியிலிருந்து சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஓரகத்திகள் ஒரு சாவிக்கொத்துக்காக எழுநூறு பாகமாகச் சண்டை போடும் கதை. படம் தெரியாவிட்டாலும் குறைவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் வாயால்தான் வாழ்ந்தார்கள். சுவர்க்கடிகாரம் பின்பக்கம் டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருக்க, அடுத்த தெருவில் யாரோ கம்பியை அறுத்துக்கொண்டிருக்க, மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் வழக்கம்போல முதலில் நாற்காலிக் காலையும் பிறகு அவள் கட்டை விரல்களையும் தொட்டு, மூன்று மணிக்கு இரண்டு பாதங்களையும் வெதுவெதுப்பான துணிபோல் போர்த்தியது. அவளுக்கு அதுதான் கடிகாரம்.

மூன்று மணி சுமாருக்கு இடது பாதம் குளிர்ந்தது.

மேகம் என்று நினைத்தாள். ஆனால் மேகம் வந்தால் இரண்டு பாதமும் சேர்ந்துதான் குளிரும், அதுவும் மெதுவாக. இது ஒரு விளிம்போடு வந்தது. சுண்டு விரலில் ஆரம்பித்து, கணுக்காலைக் கடந்து, நடுவில் நின்றது. வலது பாதத்தில் வெயில் அப்படியே இருந்தது.

ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவே ஏதோ நின்றிருந்தது.

"சின்னவளே?" என்றாள். இஸ்திரி வாடை இல்லை. வேறொரு வாடை இருந்தது, மிக லேசாக. அதை எங்கே முகர்ந்தோம் என்று மனம் தேடியது. நிலையத்தில் வேலை நேரம் மாறும்போது முந்தையவள் கழற்றி வைத்த ஹெட்செட்டை எடுத்து மாட்டினால், வாய்க்குழலில் இருக்குமே அந்த வாடை. துடைத்தாலும் போகாது. நாள் முழுக்க இன்னொருவரின் மூச்சு அடைந்து கிடந்த வாடை.

ஓரகத்தி பாதிச் சொல்லில் நின்றாள். குரல் ஆரம்பித்தது.

"அமைப்புகள்."

ஒரு சொடுக்கு.

"உதவி." சொடுக்கு. "மொழி." சொடுக்கு. "வெளியேறு."

பெரியவள் இரண்டு கைகளையும் மடியில் இறுகப் பின்னிக்கொண்டாள்.

"நிச்சயமாக வெளியேற வேண்டுமா? ஆம். இல்லை." ஒரு நொடி. "ஆம்."

அமைதி. கம்பி அறுக்கும் சத்தம் நின்றிருந்தது. முந்தைய நாட்களில் இப்படி நின்று போனால், தங்கை வரும் வரை அவளே இரண்டு ஓரகத்திகளாகவும் பேசி மிச்சக் கதையை முடிப்பாள். தனிமையில் வந்த பழக்கம். பயத்தில் இன்றும் வாய் தானாக ஆரம்பித்தது.

"சாவியை வைச்சுட்டுப் பேசு" என்றாள் மூத்த ஓரகத்தியின் குரலில். "எடுத்தது நானில்ல, நீதான்" என்றாள் இளையவளாக.

சோபாவின் இடது பக்கத்து ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

யாரோ கேட்பதற்கு வசதியாக உட்கார்ந்தார்கள்.

அவள் பேச்சு அறுந்தது. பேசாத லைனிலும் ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஓர் ஆபரேட்டருக்குத் தெரியும். வெற்று லைன் தட்டையாக இருக்கும். ஆள் இருக்கும் லைனுக்கு ஓர் ஆழம் உண்டு. இந்தக் கூடத்துக்கு இப்போது ஆழம் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடது பாதத்தில் வெயில் திரும்பி வந்ததும் ஸ்டூலுக்குக் கையை நீட்டினாள். ரிமோட் அங்கேதான் இருந்தது. எடுத்தவள் கிட்டத்தட்டக் கீழே போட்டுவிட்டாள்.

சூடாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை, ஸ்டூலுக்கு வெயில் வராது. வெகுநேரம் ஓர் உள்ளங்கைக்குள் இருந்த சூடு.

போனை எடுத்தாள். வைத்தாள். என்ன சொல்வது? 'வீட்டில் யாரோ இருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியவில்லை' என்றா? கண் இருக்கிறவர்கள் சொன்னாலே நம்ப மாட்டார்கள். சனிக்கிழமை வரவேண்டிய அம்மா நாளைக்கே வந்துவிடுவாள். பற்களைக் கடித்துக்கொண்டு, குரல் படிக்கப் படிக்க, ஆறு இலக்கங்களையும் தானே அழுத்தி உள்ளே போனாள்.

மறைக்க முடியவில்லை. சின்னவளின் போனுக்குச் செயலியிலிருந்து மெயில் போயிருந்தது.

"மறுபடியும் வெளிய போயி உள்ள வந்திருக்கு. சொல்லவே இல்லையேக்கா?"

"நானே சரி பண்ணிட்டேன்ல, அப்புறம் என்ன?"

"நீயே கெடுத்து நீயே சரி பண்றதுக்குப் பேரு சரி பண்றதா?" சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டாள். ஏதோ தேடினாள். கடையின் அடையாள அட்டை தொங்கும் பட்டையைக் கழற்றி, ரிமோட்டில் கட்டி, அக்காவின் கழுத்தில் மாட்டினாள். "இனிமே இது உன் நெஞ்சு மேலயே இருக்கட்டும். கை படக்கூடாது. அப்படியும் போச்சுன்னா நீ இல்லைன்னு நான் ஒத்துக்கறேன். சரியா?"

"மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கு."

சின்னவள் சிரித்தாள். கழுத்தில் கை வைத்தபடியே சிரித்தாள், விரல்கள் ஆவியின் ஈரத்தோடு மெத்தென்றிருந்தன. "நான் மட்டும் உன்னை அனுப்பணும்னு ஆசைப்படறேனாக்கா?"

பெரியவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. "வாசல் கதவைப் பூட்டிட்டுத்தானே போறே?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு பூட்டு. ஏன்?"

"சும்மா."

வியாழக்கிழமை டிவி வெளியேறவில்லை. மூன்று மணிக்கு இடது பாதம் குளிர்ந்தது. பின்பு சோபா கிரீச்சிட்டது. அது சீரியல் முடியும் வரை அங்கேயே இருந்தது, மூன்று பாகங்கள், அவளோடு சேர்ந்து. அவள் திரும்பவில்லை. தண்ணீர் தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, எழுந்திருக்கவில்லை. மடியில் வைத்த கைகள் மரத்துப் போயின. முடிவுப் பாட்டு வந்ததும் ஸ்பிரிங் மெல்ல மேலே எழும்பியது. வாசல் கதவு திறந்து மூடும் என்று காத்திருந்தாள்.

மூடவில்லை. திறக்கவே இல்லை.

"இன்னிக்குப் போகல பாரு!" என்று இரவு சின்னவள் மகிழ்ந்தாள். "நான்தான் சொன்னேனே, உன் கைதான்னு. இன்னும் ஒரு நாள் இப்படி இருந்தா, அந்த அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிடலாம்."

ஒரு நாள். பெரியவள் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை. வெயில் நாற்காலிக் காலுக்கு வந்தது. கட்டை விரல்களுக்கு வந்தது. அவள் இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகள் மேல் விரித்து வைத்திருந்தாள், தெரிய வேண்டியவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல. ரிமோட் பட்டையில் தொங்கி நெஞ்சுக்குழி மேல் கிடந்தது. மூச்சு விடும்போது அது ஏறி இறங்கியது. ஏதாவது கேட்கிறதா என்று அவள் மூச்சை அடக்கினாள். அது ஏறி இறங்குவது நின்றது. கடிகாரம். குளிர்சாதனப் பெட்டியின் முனகல். அடுத்த வீட்டுக் குழாய். மூத்த ஓரகத்தியின் அழுகை.

இடது பாதம் குளிர்ந்தது.

பிறகு வலது பாதமும்.

இதுவரை அப்படி ஆனதில்லை. ஜன்னல் பக்கம் இருந்தது இப்போது நேர் எதிரே வந்துவிட்டது. முழங்காலுக்குக் குளிர் ஏறியது. மடிக்கு ஏறியது. ஹெட்செட் வாடை. மிக அருகில்.

"அமைப்புகள்" என்றது குரல்.

நெஞ்சுக்குழியில் ஏதோ அழுந்தியது. இதயம் என்று நினைத்தாள்.

"உதவி."

மறுபடி அழுந்தியது.

"மொழி."

இதயம் இல்லை. இதயம் இதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"வெளியேறு."

ரிமோட்டின் அடிப்பாகம் எலும்பில் பதிந்து எழுந்தது. மெதுவான, அவசரமில்லாத அழுத்தம். ஒரு கட்டை விரலின் எடை. அவள் கைகள் இரண்டும் கைப்பிடிகள் மேல்தான் இருந்தன. பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

"நிச்சயமாக வெளியேற வேண்டுமா?"

வேண்டாம். வேண்டாம்.

அழுத்தம்.

"ஆம்."

கையை நெஞ்சுக்குக் கொண்டு போனால் போதும். ரிமோட்டைப் பிடித்துவிடலாம். ஆனால் கை போய்ச் சேரும் இடத்தில் ரிமோட்டுக்கு முன்னால் வேறொன்றின் மேல் படும். கை நகரவில்லை.

"உள்நுழைக. கடவுச்சொல்."

அழுத்தம். "ஏழு."

அழுத்தம், அழுத்தம். "நான்கு."

அன்றைக்குச் சத்தமாகப் படித்தது. இரண்டு பேர்தானே என்று அவளே சொன்னாள்.

"ஒன்பது. பூஜ்யம்."

லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எண்.

"இரண்டு. இரண்டு."

உள்ளே போவதற்கான இசை ஒலித்தது. "யார் பார்க்கிறீர்கள்?" என்று குரல் கேட்டது. "அக்கா. தங்கை. புதியதைச் சேர்."

அழுத்தம்.

"பெயரை எழுதுக."

நெடுநேரம் தேடியது. இடம். வலம். கீழே. ஒவ்வொரு நகர்வும் அவள் எலும்பில் விழுந்தது. அவள் முகத்தின் மேல் மூச்சு வந்து போனது, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல்.

"நா."

அழுத்தம்.

"ன்."

அழுத்தம்.

"சேமிக்கப்பட்டது. யார் பார்க்கிறீர்கள்? அக்கா. தங்கை. நான்."

மடியில் போன் அடித்தது. அடிக்கிற மணியை எடுக்காமல் விட அவள் கைக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடப் பழக்கம், தானாகப் போய் ஸ்பீக்கர் பொத்தானைத் தொட்டது. 'வா' என்று சொல்ல வேண்டும். ஒரே எழுத்து. பூட்டைத் திறந்து ஓடி வா. வாயைத் திறந்தாள்.

நெஞ்சிலிருந்த எடை விலகியது. விலகி மேலே வந்தது. அழும் குழந்தையை அடக்குகிற மாதிரி, ஒரு விரல் அவள் உதடுகளின் குறுக்கே வந்து படிந்தது. அந்த விரலுக்கு ரேகை இல்லை.

"அக்கா!" என்றாள் சின்னவள். பின்னால் இஸ்திரிப் பெட்டிகள் ஆவி விடும் சத்தம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம், பல மாதமாகக் கேட்காதது. "இப்பதான் மெயில் பார்த்தேன். நீயே வெளிய வந்து, நீயே உள்ள போயி, புதுசா ப்ரொஃபைல் வேற போட்டுட்டே! நான் 'அக்கா'ன்னு போட்டது பிடிக்கலையாக்கும், 'நான்'னு வைச்சிருக்கே! கடையில எல்லார்கிட்டயும் காட்டினேன். கண்ணு இருக்கறவங்களுக்கே இதெல்லாம் வராதுன்னாங்க. அந்த இல்லத்து அம்மாவுக்கும் போன் பண்ணிட்டேன், இனிமே வரவே வேண்டாம்னுட்டேன். உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்க்கா, போதுமா? இன்னிக்குத் துணி நிறைய வந்திருக்கு, நான் வர நேரமாகும். இனிமே உன்னைத் தனியா விட்டுட்டு நான் நிம்மதியா இருக்கலாம்... இல்லையாக்கா?"